எபனேசர் சார் 2:40க்கு உள்ளே வந்தார்

அக்னி நட்சத்திரம் முடிந்தாலும் வெயில் முடியாத வேலூர்.
சர்வர் அறையில் மட்டும் பத்தொன்பது டிகிரி.
டிபன் பாக்ஸோடு அங்கே ஒதுங்கலாம் என்பதால்
அலுவலகத்தில் எல்லோருக்கும் சர்வர் மேல் பிரியம்.
அதன் லாக்கை மட்டும் யாரும் படிப்பதில்லை.
நான் படிப்பேன்,
பாகாயம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் பேப்பரை
எட்டிப் படிக்கிற அதே புத்தியில்.

செவ்வாய்க்கிழமை ஒரு வரி:
எபனேசர். இரவு 2:40. உள்நுழைவு சரி.

எபனேசர் சாரை மார்ச் மாதமே
கல்லறைத் தோட்டத்தில் விட்டு வந்திருந்தோம்.
எங்கள் மலர்வளையத்தில்
'இணைதளப் பிரிவு' என்று எழுதியிருந்தான் பூக்கடைக்காரன்.
அவர் இருந்திருந்தால் திருத்தியிருப்பார்.

இறந்தவர் எங்கே போனார் என்று பின்னாலேயே போனேன்.
2013இல் விலங்கியல் துறை நடத்திய
மண்புழு உரக் கருத்தரங்கத்தின் பக்கம்
இன்னும் உயிரோடு இருந்தது.
நடத்திய பேராசிரியர் ஓய்வுபெற்று ஆம்பூரில் இருக்கிறார்.
பக்கத்துக்கு அடியில்
மூவாயிரம் ரம்மி விளம்பரங்கள்.
மண்புழு இவ்வளவு வேகமாய்த் துளைக்காது.

ஷெரின், அப்புறம் ஒரு @, அப்புறம் 2009.
மகள் பெயர், அவள் பிறந்த வருஷம்.
மூன்று துறைக்கும் அதே சாவி.
அவசரத்துக்கு அறையின் இந்த மூலையிலிருந்து
அந்த மூலைக்குக் கத்தியே சொல்லியிருக்கிறார்.
எங்களுக்கெல்லாம் மனப்பாடம்.
இரங்கல் கூட்டத்தில் நின்ற இரண்டு நிமிடத்தில்
எனக்கு அது ஞாபகம் வந்தது என்பதையும்
இங்கே சொல்லிவிடுகிறேன்.

அவர் மனைவி 'நிலுவை இல்லை' படிவத்தோடு
பதினொரு ஜன்னல் ஏறி இறங்கினார்.
நூலகம், கூட்டுறவுக் கடன், விடுதி, வண்டி நிறுத்தம்.
அடையாள அட்டையைக்கூடக் கத்தரித்து வாங்கிக்கொண்டார்கள்.
நாற்காலியை மறுநாளே கோதண்டபாணி எடுத்துக்கொண்டான்.
எங்கள் ஜன்னல் அந்தப் படிவத்தில் இல்லை.

கணக்கை முடக்கினேன்.
எல்லோரையும் வெளியேற்றி எல்லாச் சாவியையும் மாற்றினேன்.
பதிவாளர் கூப்பிட்டார்:
"ரிசல்ட் நாளில் சைட்டை மூடுவியா?"
மூடினேன்.
உதவியாளர் கூப்பிட்டார்:
"புது பாஸ்வேர்டை வாட்ஸப்பில் போடும்மா, ஐயா கேட்கிறார்."
ஒப்பந்த ஊழியை,
பதினெட்டாயிரம் சம்பளக்காரி,
முடியாது என்று சொன்னேன்.
சொன்ன பிறகு கை நடுங்கியது,
ஏசி அறை என்பதால் வெளியே தெரியவில்லை.

பழைய பிரதியை எடுத்துப் போடலாம் என்று திறந்தால்
இரண்டு வருஷமாகத் தினமும் 'பேக்கப் முடிந்தது' என்று
மெயில் அனுப்பிய கோப்பின் எடை
பூஜ்யம்.
திறந்து பார்க்காத பிரதி
தண்ணீர் ஓடாத பாலாறு,
மேப்பில் மட்டும் நீலம்.

கோதண்டபாணிதான் அந்த மேஜையின் கீழறையை இழுத்தான்.
ஆவின் கவருக்குள் ஒரு ஹார்ட் டிஸ்க்.
மாதத்துக்கு ஒரு தேதி, பென்சிலில்.
ஒவ்வொரு தேதிக்குப் பக்கத்திலும்
'திறந்து பார்த்தேன்' என்று அவர் கையெழுத்து.
கடைசித் தேதி பிப்ரவரி 27.

கதவை அப்படி வைத்தவரும் இவர்தான்.

காட்பாடியில் ஏதோ எக்ஸ்பிரஸ் கூவியபோது
தளம் திரும்ப வந்தது. மணி நாலு இருபது.
ரிசல்ட் பார்த்த பிள்ளைகள்
தாமதத்துக்காக எங்களைத் திட்டினார்கள்.
திட்டட்டும்.

இந்த ஊரில் பாதுகாப்பைப் பற்றிப் பேச வருகிறவர்கள்
கோட்டை அகழியில்தான் ஆரம்பிப்பார்கள்.
நான் படிவத்தில் ஆரம்பித்தேன்:
பதினொன்றுக்குக் கீழே பேனாவால்
12. இணையதளப் பிரிவு.
ய-வை இரண்டு தடவை சரிபார்த்தேன்.

அவர் கணக்கை அழிக்கச் சொன்னார்கள். அழிக்கவில்லை.
அழித்தால் பதினாறு வருஷம் அவர் செய்ததெல்லாம்
பெயரில்லாத யாரோ செய்தது ஆகிவிடும்.
முடங்கியபடி இருக்கட்டும்.

அன்று இரவு
என்னுடைய கடவுச்சொல்லையும் மாற்றினேன்.
அதில் யார் பெயர் இருந்தது என்று
கேட்காதீர்கள்.